மழைக்கு முன்னால் மாடி

புதுச்சேரி,
வைகாசி மாதம்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லாரும் நலம். பாரிஸில் வீட்டாரும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நம் தெருச் சங்கத்தின் பொதுக்குழு போன ஞாயிற்றுக்கிழமை கூடியது. உனக்கும் இந்தத் தெருவில் பங்குள்ள வீடு இருப்பதால், பேசினதையும் முடிவானதையும் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த வருஷம் சங்கம் ஒரே ஒரு வேலையைத்தான் கையிலெடுக்கிறது: மாடித் தளம். முகப்புக்கு வெள்ளையடிப்பது, தெருப் பெயர்ப்பலகை, விளக்கு எல்லாம் பிறகு. வைசியாள் வீதியைச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது உனக்குத் தெரியும். ஒரே வரிசையாகத் தாழ்வாரம் ஓடுகிற தெரு எப்படி இருக்கும் என்று இன்றைக்கும் அங்கே போய்ப் பார்க்கலாம், அருமையான வேலை. ஆனால் அதற்குப் பிறகு பழைய வீடு என்றாலே திண்ணை, தாழ்வாரம், மரத்தூண் என்று எல்லார் பார்வையும் தெருப் பக்கமே நின்றுவிட்டது. மாடி ஏறிப் பார்க்கிறவர் குறைவு. 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மாளிகையான மேரி கட்டடமே இடிந்து விழுந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறி ஊர்மேலேயே நகராமல் நின்றபோது ஒரு நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எந்த மாடியைக் கவனித்திருக்கிறார்கள், எதைக் கவனிக்கவில்லை என்று அன்றே தெரிந்துபோயிற்று.

மெட்ராஸ் டெரஸ் என்று நாம் சொல்லும் தளத்தின் அமைப்பை உன் பிள்ளைகளுக்கும் சொல். உத்தரங்களின்மேல் தேக்குக் கட்டைகள் நெருக்கமாகப் போகும். அவற்றின்மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களை நெட்டாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புக் காரை வைத்து வரிசை கட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் போட்டு, மரப்பலகையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு என்னும் தட்டை ஓடுகளைப் பதிப்பார்கள். இந்தத் தளம் மழையில் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். அதன் உயிரே அந்தப் போக்குவரத்தில்தான் இருக்கிறது.

கெடுவதும் அதைத் தடுக்கிறபோதுதான். ஒழுகுகிறதென்று மேலே சிமென்ட் பூசினால் முதல் கோடையிலேயே மயிரிழை வெடிப்பு விடும். தண்ணீர் அதன் வழியே இறங்கும், திரும்பி ஏற வழியிருக்காது. பிளாஸ்டிக் பெயின்ட் பூச்சும் அப்படியே, கொப்புளம் கொப்புளமாக எழும்பும். உள்ளே தங்கின ஈரம் சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனைக்குப் போய்ச் சேரும். நடுக்கட்டை கல்லுப்போல இருக்க, சுவருக்குள் இருக்கும் அரை அடி மட்டும் உளுத்துப்போவது இதனால்தான். கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்க்ரூடிரைவரைச் சுவரோரம் கட்டையில் அழுத்திப் பார்க்க வேண்டும். கால் அங்குலத்துக்குமேல் சுலபமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது என்று அர்த்தம். அதற்காக முழுக் கட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்டதை அறுத்துவிட்டு, பக்கவாட்டில் புதுத் தேக்குத்துண்டு சேர்த்து போல்ட் போட்டால் போதும். முனையைச் சுற்றிக் காரையை அடைக்காமல் காற்றுப் போக விரல் அளவு இடம் விடவேண்டும்.

வீடு வீடாக மாடியைச் சோதிக்க நான்கு பேர் கொண்ட குழு போட்டிருக்கிறோம். முதலில் துடைப்பம்: மாடித் தண்ணீர் வெளியேறும் குழாயான மழைத்தாரையின் வாயில் சருகு அடைத்திருந்தால் மற்றதெல்லாம் வீண். பிறகு கைப்பிடிச் சுவரோரம் முளைத்த அரசங்கன்று. மேலே கிள்ளிவிட்டால் வேர் இன்னும் தடிக்கும், சுற்றியுள்ள காரையைக் கொத்தி வேரோடு எடுத்துவிட்டுச் சுண்ணாம்பால் மூட வேண்டும். அடுத்து வாளித் தண்ணீரை ஊற்றி, எங்கே தேங்குகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம். தட்டோட்டைச் சின்னச் சுத்தியால் தட்டி, பொக்கென்று சத்தம் வருவதையும் குறிக்க வேண்டும். அந்த ஓடுகளை மட்டும் எடுத்து, அடியில் தளர்ந்ததைச் சுரண்டி, நனைத்து, சுண்ணாம்புக் காரையில் திரும்பப் பதித்தால் பெரும்பாலான ஒழுகல் நின்றுவிடும்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் சங்கம் கண்டிப்பாக இருக்கப் போகிறது. ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதைக் கட்டைகளின் நடுவில் வைத்தால் அங்கே தளம் தொய்யும், தொய்ந்த இடத்தில் மழைநீர் தேங்கும், மேலும் தொய்யும். சுவர்கள் சந்திக்கும் மூலைக்கு நேர்மேலே, சுவர்விட்டுச் சுவர் இரும்புச் சட்டம் போட்டு ஏற்றிவிட வேண்டும். ஏ.சி. குழாய்க்குத் தளத்தில் துளை போடுவதும் இனிக் கூடாது, சுவர் வழியாகக் கொண்டுபோகலாம்.

சுண்ணாம்புதான் எல்லாருக்கும் தகராறு. தனித்தனியாக வாங்கினால் அவசரத்தில் இரண்டே நாள் ஊறவைத்துப் பூசிவிடுகிறார்கள். நீறாமல் உள்ளே தங்கின கட்டி, பூசிய பிறகு ஈரம் பட்டு வெடித்துச் சுவரில் குழி குழியாக விழுகிறது. அதனால் ஒரு காலிமனையில் பொதுத் தொட்டி கட்டுகிறோம். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது பதினைந்து நாள் வைத்திருந்து பிறகுதான் கொடுப்போம். கலவையில் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு இரண்டரை, மூன்று பங்கு கழுவின ஆற்று மணல். மாடி வேலைக்கு மட்டும் கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர். பூசிய பிறகு ஈரச்சாக்குப் போட்டு ஒரு வாரம் நிழலில் காக்க வேண்டும், இந்த அக்னி வெயிலில் விட்டால் பொடிந்துவிடும். வேலை ஆவணிக்குள் முடிந்தாக வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் காரை இறுக அவ்வளவு நாள் தேவை.

இரண்டாவது சிக்கல் தெருவின் உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, முற்றத்துத் தண்ணீர் திண்ணைக்கு அடியால் வெளியேறும் வாயைவிடத் தெரு உயர்ந்துவிட்டது. மழையில் தெருத் தண்ணீர் முற்றத்துக்குள் திரும்பி வருகிறது. ஒவ்வொரு வாசற்படிக்கும் தெருவின் நடுவுக்கும் உள்ள வித்தியாசத்தை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பின மட்டக் குழாய்) பிடித்து அளந்து, வீடுவாரியாகப் பட்டியல் போட்டு, அடுத்த முறை தார் போடுவதற்கு முன் சுரண்டச் சொல்லி மனு கொடுக்கிறோம். சும்மா குறை சொன்னால் கேட்பதில்லை, அளவோடு போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

சில வீடுகள் விருந்தினர் விடுதியாகிவிட்டன. எனக்கு அதில் வருத்தமில்லை, மாடியாவது கவனிக்கப்படுகிறது. முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடுவதுதான் தவறு. வெக்கை ஏறிப் போக வழியில்லாமல் கூடம் முழுக்கப் புழுங்குகிறது. கேபிள் கம்பிகளைத் தாழ்வாரத் தூணில் கட்டக் கூடாதென்றும் தீர்மானம் போட்டாயிற்று. 1860-ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டப்படி பொதுக்குழு முடிந்து 14 நாளுக்குள் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும், அதுவும் இந்த வாரம் முடியும்.

இனி உன்னிடம் ஆக வேண்டியது. பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மாடிக்கு நாங்கள் ஏற முடியாது. பங்காளிகள் பாதிப்பேர் உன் பக்கம்தான் இருக்கிறார்கள். வீட்டை விற்கவோ பிரிக்கவோ இல்லை, பராமரிப்புக்கு மட்டும் அதிகாரம் என்று எழுதி எல்லாரும் ஒருவருக்குப் பவர் கொடுத்தால் போதும். அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று வாங்கி மூலப் பத்திரத்தை அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும், அதைத் தவறவிட்டால் வீண் அலைச்சல். குடும்பத்தில் யாராவது 1881 ஆணைப்படி ரெனோன்சான், அதாவது சொந்த மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர், ஆனவர் வழி என்றால் வாரிசுக்கணக்கு பிரெஞ்சு சிவில் சட்டப்படி போகும், யாருக்குப் பங்கு என்பதே மாறிவிடும். எனவே பத்திரம் எழுதுமுன் பழைய எத்தா சிவில் (பிறப்பு, திருமணம், இறப்பு) பதிவுகளைத் தேடி எடு.

ஜூலை விடுமுறைக்கு வருவதானால் 14 ஜூலைக்கு ஒரு வாரம் முன்பே வா. அதற்குள் சுண்ணாம்பு தயாராகியிருக்கும், மேஸ்திரியோடு உன் மாடியை நீயே பார்த்து எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யலாம். வர முடியாவிட்டால் பவர் பத்திரம் ஆனி முடிவதற்குள் கைக்கு வர வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்