நவம்பர் 28-ஐயும் நினைவில் வைப்போம்

ஆசிரியருக்கு வணக்கம்.

2023-ஐத் திரும்பிப் பார்க்கும் கட்டுரைகளில் ஆகஸ்ட் 23-க்குத்தான் முதலிடம். சந்திரயான்-3 நிலவின் தென்துருவம் அருகே இறங்கியது பெருமைதான், சரி. ஆனால் என் மனதை விட்டு நீங்காதது நவம்பர் 28. உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசியின் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து, உள்ளே 41 தொழிலாளர்கள் 17 நாள் அடைபட்டுக் கிடந்தார்கள். துளையிட வந்த இயந்திரம் உடைந்துபோனது. அப்புறம், எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள், அதாவது குறுகிய குழிக்குள் புகுந்து கையாலேயே தோண்டிப் பழகியவர்கள், இரும்புக் குழாய்க்குள் தவழ்ந்து போய், கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைக் கையாலேயே தோண்டினார்கள். தோண்டிய மண்ணைச் சிறு தள்ளுவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். 41 பேரும் உயிரோடு வந்தார்கள். பிப்ரவரியில் துருக்கி, சிரியா நிலநடுக்கம் 50,000-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஆண்டு அது. அப்படிப்பட்ட ஆண்டில், 41 பேரும் மீண்டு வந்த அன்றிரவு எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் கைகளுக்கு உங்கள் ஆண்டுக் கண்ணோட்டத்தில் ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

- ஒரு வாசகர்