புடைத்த புஜங்களும் உள்ளிருக்கும் எலும்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில், சாகச நாயகர்களின் கட்டுமஸ்தான கைகளை வரையக் கற்றுத்தரும் படத்தொடர் தொடங்கியிருப்பதை வரவேற்கிறேன். ஆனால், மிகைப்படுத்திய பாணியில் வரைபவருக்கு உடற்கூறியல் தேவையில்லை என்று அதன் முன்னுரை சொல்வதை ஏற்பதற்கில்லை. தோளுக்கு ஒரு வட்டம், மேற்கைக்கு ஒரு வட்டம், முன்கைக்கு ஒரு வட்டம் என்று அடுக்கி, இரு பக்கமும் ஒரே அளவில் புடைக்கவிடும் அந்த முறையில் கை பருமனாகத் தெரிகிறதே தவிர, வலிமையானதாகத் தெரியவில்லை.

தொடரின் முதல் படத்தில் உள்ள, கையை மடக்கிப் புஜத்தைக் காட்டும் நிலையையே எடுத்துக்கொள்வோம். மேற்கையின் முன்புறமுள்ள பைசெப்ஸ் தசையின் கீழ்முனைத் தசைநாண், கட்டைவிரல் பக்கமுள்ள ரேடியஸ் எலும்பைப் பற்றியிருப்பதால், அத்தசை முழங்கையை மடக்குவதோடு உள்ளங்கையைத் திருப்பும் வேலையையும் செய்கிறது. மடக்கிய கையின் உள்ளங்கை நம் முகத்தைப் பார்த்திருக்கும்போது திரண்டு நிற்கும் தசை, உள்ளங்கையை வெளிப்புறம் திருப்பியதும் தணிந்து நீள்வதை எவரும் தம் கையிலேயே சோதித்துக்கொள்ளலாம். வெளியான படத்திலோ உள்ளங்கை வெளிப்புறம் பார்க்கிறது, பைசெப்ஸ் உச்சத்தில் நிற்கிறது, மடக்கும்போது நீண்டு கொடுக்க வேண்டிய டிரைசெப்ஸும் பின்புறத்தில் அதே அளவு திரண்டிருக்கிறது. எந்தத் தசை வேலை செய்கிறது, எது இடம் கொடுக்கிறது என்பதே அதில் புலப்படவில்லை.

முன்கையில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். மணிக்கட்டைத் திருப்பும்போது சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா எலும்பு ஏறத்தாழ நிலையாக இருக்க, ரேடியஸ் அதன் குறுக்கே சாய்ந்து விழுகிறது. உள்ளங்கை மேல்நோக்கியிருக்கையில் இணையாகக் கிடக்கும் இவ்விரு எலும்புகளும் கீழ்நோக்கித் திருப்பியதும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுவதால் முன்கையின் வடிவமே மாறிவிடுகிறது. மேலும், வெளிப்புறத் தசைத்திரட்சி மேற்கை எலும்பின் கீழ்ப்பகுதியிலேயே தொடங்கிவிடுவதால், முன்கையின் வெளி வளைவு மேலேயும் உள் வளைவு சற்றுக் கீழேயும் உச்சம் கொள்கின்றன. இந்த ஏற்ற இறக்கத்தைத் தவறவிட்டு இரு பக்கமும் ஒரே உயரத்தில் வளைத்தால், எவ்வளவு நேர்த்தியாக நிழலிட்டாலும் கை உயிர்பெறாது. அல்னாவின் பின்விளிம்பு முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு வரை தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. எத்தனை பெரிய மல்லனுக்கும் அந்தக் கோட்டின் மேல் தசை கிடையாது. மிகைப்படுத்துபவருக்கு இதைவிட நல்ல பிடிமானம் வேறில்லை என்பது என் கருத்து. தோளை மூடும் டெல்டாய்டு தசை, மேற்கை எலும்பின் வெளிப்பக்கத்தில் ஏறத்தாழ நடுப்பகுதியில் ஆப்பு போல் குறுகி முடிவதும் இத்தகைய இன்னொரு பிடிமானம்.

உடற்கூறியலைக் கற்றால் பாணி வறண்டுவிடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. 1589-இல் டச்சு ஓவியர் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட, புராண வீரன் ஹெர்குலிஸின் படத்தில், உடலெங்கும் தசைகள் முண்டும் முடிச்சுமாகப் புடைத்திருக்கின்றன. அதைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. எனக்கோ மிகவும் பிடித்த படம் அது. அதே கலைஞர் அடுத்த சில ஆண்டுகளில் ரோமுக்குச் சென்று, தடியின்மேல் சாய்ந்து ஓய்வெடுக்கும் ஃபார்னீஸ் ஹெர்குலிஸ் என்னும் பழங்காலச் சிலையைப் பின்புறத்திலிருந்து வரைந்தார். அங்கும் உடல் பேருருவம்தான், ஆனால் ஓய்ந்திருக்கும் தசைக்கு உரிய தளர்வு அதில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு, முதல் படத்தின் மிகை அறியாமையால் விளைந்ததல்ல என்பது விளங்கும். ஏறத்தாழ 1510-இல் தோளையும் கையையும் பல கோணங்களில் திருப்பித் திருப்பி வரைந்து ஆராய்ந்த லியனார்டோ டா வின்சியே, எல்லாத் தசைகளையும் ஒருசேரப் புடைக்கவிடும் ஓவியர்களின் உருவங்கள் அக்ரூட் மூட்டையைப் போல இருப்பதாகத் தம் குறிப்பேட்டில் கடிந்துகொண்டார். உடலை அறுத்துப் பார்த்து அறிந்தவர் கேட்டதும், எல்லாவற்றையும் காட்டாதீர்கள் என்பதைத்தான்.

தசைகளின் பெயர்ப் பட்டியலை மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் கூறவில்லை. அது அவர்களைப் பென்சிலைக் கீழே வைக்கச் செய்துவிடும். இனி வரும் பகுதிகளில், எளிமையாக்கிய ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதே நிலையில் உள்ள கையின் எலும்புகளைச் சிறிய கோட்டோவியமாக அச்சிட வேண்டுகிறேன். இடப்பற்றாக்குறை இருப்பின், உள்ளங்கையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் வைத்த இரு நிலைகளில் முன்கை எலும்புகளைக் காட்டும் ஒரு படத்தையாவது அடுத்த இதழிலேயே வெளியிடலாம்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்