கீழ்வீட்டு இசைத்தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, குட்டி, மேலத்தெரு அத்தை எல்லோரும் நலமா? நீ சொல்லச் சொல்ல குட்டி எழுதிய கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் பதில் எழுத உட்காருவேன், அப்படியே தூங்கிப்போவேன். கோபித்துக்கொள்ளாதே.

நெவார்க்கில் இப்போது பனி கொட்டுகிறது. நியூ ஜெர்சியில் வண்டிக்காரர்கள் தாங்களே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சட்டம். அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்கு வேலை. ராத்திரி பத்துக்குப் போனால் காலை ஆறுக்குத் திரும்புவேன். இரண்டு கையுறை போட்டாலும் பம்பின் பிடி விரலை மரக்க வைக்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. எடிசன் பக்கம் போனால் பொன்னி அரிசி, புளி, அப்பளம் எல்லாம் கிடைக்கிறது. வாரம் முழுக்க ரசம் சாதம்தான், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

கீழ்வீட்டில் எழுபது வயது தாண்டிய கறுப்பின அம்மா இருக்கிறார் என்று எழுதியிருந்தேனே, நான் வந்து படுக்கும் நேரத்தில்தான் அவர் பாட்டு வைப்பார். போன மாதம் பொறுக்காமல் தரையில் காலால் தட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சோளமாவு ரொட்டித் தட்டோடு வாசலில் வந்து நின்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அதிலிருந்து அவர் ரொட்டி மேலே வரும், என் ரசம் கீழே போகும்.

அவர் வைப்பது குளோரியா கெய்னர் என்கிற பாடகியின் பாட்டு. அந்தப் பாடகி 1943-ல் இதே நெவார்க்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்து, ஒரு குழுவோடு சேர்ந்து கிளப் கிளப்பாகப் பாடினார். கிளப் என்றதும் நீ முகம் சுளிப்பாய். நம்ம உஷா உதுப்பும் மவுண்ட் ரோட்டு கிளப்பில் புடவை கட்டிக்கொண்டு பாடித்தானே ஆரம்பித்தார்? 1975-ல் வந்த கெய்னரின் இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க மூன்று பாட்டு, நடுவில் நிறுத்தமே இல்லாமல் சுமார் 19 நிமிஷம். ஆடுகிறவர்களின் கால் நிற்கவே கூடாதாம். கீழ்வீட்டம்மா அதைச் சொல்லும்போது நாற்காலியில் இருந்தபடியே தோளை அசைக்கிறார்.

1978-ல் நியூயார்க் பீகன் தியேட்டர் மேடையில் ஆடும்போது குளோரியா தடுமாறி விழுந்தார். மறுநாள் காலை இடுப்புக்குக் கீழே அசைவில்லை. முதுகில் ஆபரேஷன். அதற்குப் பிறகு முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு போய் நின்று பாடியதுதான் ‘ஐ வில் சர்வைவ்’, ‘நான் பிழைத்து நிற்பேன்’ என்று அர்த்தம். கம்பெனிக்காரர்கள் அதைத் தட்டின் பின்பக்கம் போட்டு, வேறொரு பாட்டை முன்பக்கம் வைத்தார்கள். கிளப்பில் தட்டு சுழற்றும் பையன்கள்தான் திருப்பிப் போட்டார்கள். 1979 மார்ச்சில் அமெரிக்காவில் முதல் இடம்.

அந்தத் தட்டைக் கீழ்வீட்டம்மா என் கையில் கொடுத்தார். முன்பக்கம் நேற்று வாங்கியதுபோல் மினுங்குகிறது. பின்பக்கம் ஊசி உழுது உழுது சாம்பல் பூத்துக் கிடக்கிறது.

அந்த வருஷமே டிஸ்கோ என்கிற இந்த ஆட்டப் பாட்டு வேண்டாம் என்று சிகாகோவில் ஒரு மைதானத்தில் தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். குளோரியா பாடுவதை நிறுத்தவில்லை. 1980-ல் டிஸ்கோவுக்கு கிராமி என்கிற பெரிய இசை விருது வாங்கியவர், 40 வருஷம் கழித்து 2020-ல் பக்திப் பாட்டு ஆல்பத்துக்கு மறுபடி வாங்கினார். அப்போது அவருக்கு வயது 76.

அம்மா, இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். ‘குட்டி ஆர்க்கெஸ்ட்ராவில் பாடினால் நல்ல இடம் அமையாது என்று பெரியப்பா சொல்கிறார், நிறுத்திவிட்டோம்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். எழுதியவளே அவள்தானே. அந்த ஒரு வரியில் மட்டும் எழுத்து நெருங்கிப்போய், மை ஊறியிருக்கிறது. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி விடியலில் பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் அவள் திருப்பாவை பாடும்போது, நீ கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு, மாவு விரலோடு நின்று கேட்பாய். இங்கே விடியலில் பம்புக்கு முன்னால் நிற்கும்போது அதுதான் காதில் ஓடுகிறது. ஒருநாள் நானும் வாய்விட்டுப் பாடிவிட்டேன், கேட்க ஆள் இல்லை. மேற்கொண்டு எழுத முடியாமல் இங்கே பேனாவை வைத்துவிட்டேன். இப்போது மறுநாள்.

பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். பாட்டு வேண்டாம் என்கிற மாப்பிள்ளை நமக்கு வேண்டாம். பங்குனித் திருவிழாவில் அவள் பாடட்டும். ராத்திரி வீட்டுக்குக் கூட்டிவர அப்பா போகட்டும்.

இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும். பேங்கில் ஏதோ தாமதம், கவலைப்படாதே. சீட்டுப் பணத்தை அத்தையிடம் கைமாற்றாக வாங்கிக் கட்டிவிடு. மாட்டை விற்க வேண்டாம். நார்த்தங்காய் ஊறுகாயை யாரிடமும் கொடுத்தனுப்பாதே, நான் வரும்போது சாப்பிடுகிறேன்.

கிணற்றடியில் விழுந்ததற்கு டாக்டர் கொடுத்த இடுப்பு பெல்ட்டைக் கொடியில் மாட்டி வைத்திருக்கிறாயாம், குட்டி ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கிறாள். அவளைத் திட்டாதே, எடுத்துக் கட்டிக்கொள். மூன்று மாதம் என்றால் முழுசாக மூன்று மாதம்.

இப்படிக்கு,
உன் மகன்

பி.கு.: குட்டி, நீ பாடுவதைப் பதிவு செய்து அனுப்பு. கீழ்வீட்டம்மா கேட்க வேண்டுமாம்.