அலையாத்திக்கு வாய்க்காலும் வேண்டும், ஊராரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர மாவட்டங்களில், உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளை மீட்கும் பணி பற்றி வரும் செய்திகளில், எத்தனை நாற்றுகள் நடப்பட்டன, எத்தனை ஹெக்டேர் எட்டப்பட்டது என்ற கணக்கே பெரும்பாலும் முன்னிற்கிறது. நட்ட நாற்று பிழைத்ததா, அந்தக் காட்டை நம்பியிருக்கும் குடும்பங்கள் பிழைத்தனவா என்பவை அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரமும் திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டையும் இவ்விஷயத்தில் நமக்குப் போதிய பாடம் தந்திருக்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பிறகும் நீடித்த வழக்கப்படி, காட்டைக் கூறு கூறாகப் பிரித்து மொட்டையாக வெட்டியதால், வெயில் நேராகச் சேற்றில் பட்டு ஈரம் வற்றியது. நிலம் தாழ்ந்து குழிந்தது. கடல் ஏறும்போது உள்ளே புகுந்த ஓத நீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாகி, உப்பு மட்டும் மண்ணில் தங்கியது. கோடையில் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும் அத்தகைய திடலில் எத்தனை முறை நட்டாலும் நாற்று கருகத்தான் செய்யும்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களுமாக, மீன்முள் வடிவில் வெட்டினார்கள். ஓதம் ஏறி வடியும்போதெல்லாம் உப்பு கழுவப்பட, வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம் வேர்பிடித்தது. முத்துப்பேட்டைக் காயலில் மீனவர்கள் மீன்பிடிப்பதற்கென்று காலங்காலமாக வெட்டிவந்த வாய்க்கால்களின் கரைகளில் செடிகள் தாமாகவே தழைத்திருந்தன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காட்டுக்குள் இவர்கள் நுழைவதே தொல்லை என்று பேசுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால் வாய்க்கால் வெட்டியதோடு வேலை முடிவதில்லை. வண்டல் சேர்ந்து தூர்ந்துவிட்டால் நிலம் பழையபடி உப்புத் திடலாகிவிடும். ஆகவே, நடவுக்கு ஒதுக்கும் நிதியோடு, பின்வரும் ஆண்டுகளில் தூர் வாருவதற்கான கூலியையும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். 2023இல் மத்திய அரசு தொடங்கிய மிஷ்டி திட்டம், சுமார் 540 சதுர கிலோமீட்டர் அலையாத்திப் பரப்பை இலக்காக வைத்து, 100 நாள் வேலைத் திட்ட நிதியையும் இணைத்துக்கொள்ளும் என்றே அறிவிக்கப்பட்டது. தூர் வாரும் வேலை அந்தந்தக் குப்பத்துக் குடும்பங்களுக்கே கிடைக்குமானால், மீன்பாடு குறைந்த மாதங்களில் அடுப்பெரிய அது உதவும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். பிச்சாவரத்தில் படகோ பெரிய வலையோ இல்லாத இருளர் குடும்பங்கள், கழிமுகத்து ஆழமற்ற நீரில் அமர்ந்து, பறி எனப்படும் பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது வழக்கம். விற்றது போக மிஞ்சும் பொடி இறாலும் நண்டும்தான் அவர்கள் வீட்டுக் குழம்பு. அலையாத்தி வேர்களுக்கிடையே இறாலும் மீனும் குஞ்சாக வளர்வதால், காடு செழித்தால் இவர்கள் உலையும் பொங்கும். ஆனால் மரமே இல்லாத சேற்றுத் திடலெல்லாம் வெற்றிடம் என்று கருதி அங்கும் நாற்று நட்டு, உள்ளே வராதே என்று தடுத்தால், அவர்கள் கை வைக்கும் இடமே பறிபோகும். திடலாகவே இருக்க வேண்டிய இடம் எது, நடத் தகுந்த இடம் எது என்பது அங்கே தினமும் இறங்குகிறவர்களுக்குத் தெரியும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மீனும் பிற நீர்நிலை விளைபொருளும் எடுக்கும் சமூக உரிமையை வெளிப்படையாகவே ஏற்கிறது. பிச்சாவரம் 2022இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பிறகு அதன் பெருமை பேசப்படும் அளவுக்கு இந்த உரிமை பேசப்படவில்லை. கடலூர், திருவாரூர் மாவட்ட நிர்வாகங்கள், அடுத்த நடவுப் பருவத்துக்கு முன்பே கிராம சபைகளைக் கூட்டி, இறால் தடவும் திடல்களையும் படகுத் துறைகளையும் வரைபடத்தில் குறித்து, அவற்றை விலக்கிய பிறகே நடவுக்கான இடங்களை இறுதி செய்ய வேண்டுமென்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிதம்பரம்.