அந்தப் பிள்ளைகள் ஆடுவது பொழுதுபோக்குக்காக அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கல்லூரிச் சேர்க்கை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பல பெற்றோருக்கு உதவும் கட்டுரைதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் நடுவில், கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறக்கூடிய அரசுக் கல்லூரிகள்) விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு, அதற்குப் போகும் வரிப்பணத்தை வகுப்பறைக்குத் திருப்பிவிடலாம் என்று ஒரு வரி வருகிறது. அதற்கப்புறம் இதழின் மற்ற பக்கங்கள் என் மனதில் ஏறவே இல்லை. கட்டுரையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். இத்தனை வருடம் இங்கே பத்திரிகை நடத்தும் நீங்கள் அதை எப்படி அப்படியே விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

பே ஏரியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் பெண்கள் பேட்மிண்டன் அணிக்குப் பல வருடம் அசிஸ்டென்ட் கோச்சாக இருந்தவள் நான். ஊரில் படித்த காலத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் அணியில் ஆட வேண்டுமென்றால் அந்த செமஸ்டரில் 12 யூனிட், அதாவது சுமார் நாலு பாடம், எடுத்திருக்க வேண்டும். அதில் குறைந்தது ஒன்பது யூனிட் பட்டம், டிரான்ஸ்ஃபர் போன்றவற்றுக்குக் கணக்கில் சேரும் பாடமாக இருக்க வேண்டும். அடுத்த சீசனும் ஆட வேண்டுமா? இடையில் 24 யூனிட் முடித்து, மதிப்பெண்ணில் நாலுக்கு 2.0 சராசரியும் வைத்திருக்க வேண்டும். எங்கள் அணியில் ஒரு பெண், சாயங்காலம் மளிகைக் கடையில் கேஷியர் வேலை. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பை விட்டுவிடுகிறேன் என்று ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாள். விட்டால் 11 யூனிட்டுக்கு இறங்கிவிடுவாள், அடுத்த ஆட்டத்தில் நிற்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவள் அதை விடவில்லை. ஃப்ரெஸ்னோ போகும் வழியெல்லாம் வேனின் பின் சீட்டில் டபுள்ஸ் கூட்டாளி அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் பாஸ் செய்தாள், சான் ஹோசே ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபரும் வாங்கினாள். இதை எந்த மனதோடு பொழுதுபோக்கு என்று எழுதுவது?

பண விஷயத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது. டெக்சஸ், கான்சாஸ் பக்கம் இரண்டு வருடக் கல்லூரிகள் கொடுக்கின்றன, இங்கே கிடையாது. அணியின் பயிற்சி நேரமே ஒரு வகுப்பாகத்தான் அட்டவணையில் பதிவாகிறது. பெரும்பாலான கல்லூரி மாவட்டங்களுக்கு (ஒரு பகுதியின் கம்யூனிட்டி காலேஜ்களை நடத்தும் அமைப்புகள்) மாநிலப் பணம் வருவதில் பெரும்பகுதி மாணவர் சேர்க்கையை வைத்துத்தான், 2018-இல் வந்த புதிய கணக்கு முறையிலும் அதுதான் முக்கியம். 12 யூனிட் படிக்கும் பிள்ளை கல்லூரிக்குப் பணம் கொண்டுவரும் பிள்ளை. அணியைக் கலைத்தால் மிச்சமாவது ஷட்டில் காசும் வேன் வாடகையும். ஆட முடியாமல் படிப்பையே விட்டுப் போகிற பிள்ளைகளின் கணக்கை யார் போடுவது?

வகுப்பறைப் பணம் விளையாட்டுக்குப் போகிறது என்பதும் தவறான எண்ணம். நடப்புக் கல்விச் செலவில் பாதிக்குக் குறையாமல் பாடம் நடத்துகிறவர்களின் சம்பளத்துக்கே போக வேண்டும் என்று 1961 முதல் இங்கே சட்டம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல. கல்லூரிகள் விளையாட்டுக்கு என்ன செலவழிக்கின்றன, எத்தனை கோச், அதில் எத்தனை பேர் முழுநேரம் என்பதை 1994 சட்டப்படி வருடாவருடம் அக்டோபரில் வெளியிட்டாக வேண்டும். மத்திய கல்வித் துறை தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டுரை எழுதும் முன் ஒரு பத்து நிமிடம் பார்த்திருக்கலாமே. பெரிய பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் 2025 ஜூலை முதல் தங்கள் வீரர்களுக்கு மொத்தமாக வருடம் சுமார் 2 கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்றாகிவிட்டது. அதைப் பற்றி உங்கள் இதழில் யாரும் குறை எழுதிப் படித்த ஞாபகம் எனக்கில்லை.

ஆள் விஷயம் இதைவிடக் கொடுமை. எங்கள் முழுநேர கோச் ஓய்வு பெற்றபோது அந்த இடத்தை நிரப்பவில்லை, பார்ட் டைம் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கற்பிக்கும் நேரத்தில் 75 சதவீதம் முழுநேர ஆசிரியர் கையில் இருக்க வேண்டும் என்று 1988-இலேயே மாநிலம் இலக்கு வைத்தது. நான் பார்த்த கல்லூரிகளில் அதன் நிழலைக்கூடக் காணோம். பயிற்சியும் வகுப்புதான் என்பதால் கோச்சும் ஆசிரியர் கணக்குதான். பார்ட் டைம் ஆசிரியர் ஒரு கல்லூரி மாவட்டத்தில் முழுநேர வேலைப்பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. அதனால் எங்கள் ஹெட் கோச் காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று என்று ஓடிவிட்டு, காரிலேயே சட்டை மாற்றிக்கொண்டு பயிற்சிக்கு வருவார். ஆட்களைச் சேர்ப்பது, தகுதிப் படிவம் நிரப்புவது, வேன் ஓட்டுவது, சுளுக்குக்கு ஐஸ் வைப்பது எல்லாம் அவர்தான். எனக்குக் கொடுத்த ஸ்டைபண்ட் என்ற சிறு தொகை பெட்ரோலுக்கே போதவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆசைப்பட்டுச் செய்தேன். ஆனால் அப்படிச் செய்கிறவர்கள் இருப்பதால்தான் அணி நிற்கிறது என்பதையாவது நாலு பேர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் எவ்வளவு சிக்கனமாக நடத்தினோம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இறகு ஷட்டில் ஒரு குழாயில் 12 இருக்கும். இரண்டு ஜோடியும் நன்றாக ஆடினால் ஒரு டபுள்ஸிலேயே பாதிக் குழாய் காலி. அதனால் புதியதை ஆட்டத்துக்கென்று எடுத்து வைத்துவிடுவோம். பயிற்சிக்கு, தரையில் கிடப்பதில் இரண்டு இறகு மட்டும் முறிந்ததைப் பொறுக்கிச் சேர்ப்போம். முந்தின ராத்திரி கெட்டில் ஆவியில் காட்டி வைத்தால் இறகு கொஞ்சம் தாங்கும். மாநிலப் போட்டிக்குப் போகும் அணி இப்படித்தான் தயாரானது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் ரொம்ப நாளாக இருக்கிறது. எங்கள் அணியில் தமிழ்ப் பெண்கள் ஆடுகிறார்கள் என்று படத்தோடு உங்களுக்குச் செய்தி அனுப்பினேன். பதில்கூட வரவில்லை. அந்த மாதம் ஸ்டான்ஃபோர்டில் இடம் கிடைத்த பையனுக்கு நாலு பக்கம் கொடுத்திருந்தீர்கள். அவனுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மகள் எங்கே படிக்கிறாள் என்று கேட்டால் கல்லூரிப் பெயரைச் சொல்லக் கூசும் பெற்றோரைத் தமிழ்ச் சங்க விழாக்களில் பார்க்கிறேன். அந்தக் கூச்சம் இப்படிப்பட்ட வரிகளிலிருந்துதான் வருகிறது. பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் பாசடீனா ஜூனியர் காலேஜில் ஆடியவர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் வெள்ளி வாங்கிய அவர் அண்ணன் மேக்கும் அங்கேதான். பெரிய பல்கலைக்கழகங்கள் கூப்பிடாத அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆரன் ராட்ஜர்ஸை பியூட் காலேஜ் என்ற கம்யூனிட்டி காலேஜ்தான் எடுத்துக்கொண்டது, அடுத்த வருடமே அவர் பெர்க்லி போனார். எங்கள் பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. பேட்மிண்டனுக்கு, பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் சாம்பியன்ஷிப்பே கிடையாது. எந்தப் பலனும் வராது என்று தெரிந்தே ஆடுகிறார்கள், கூடவே படிக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், பேட்மிண்டன் சீசன் வசந்த காலத்தில், மே மாதம் வரை நடக்கும். உங்கள் நிகழ்ச்சிப் பக்கத்தில் பக்கத்துக் கல்லூரிகளின் ஆட்டத் தேதிகளுக்கு நாலு வரி இடம் கொடுங்கள். எங்கள் ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடையாது, பார்க்கிங் மட்டும்தான் செலவு. தேதிகளை நானே தொகுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா