ஒரு துணைக்கால் குறைகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளிர் தினச் சிறப்பிதழில், கென்யாவில் பசுமைப் பட்டை (Green Belt) என்ற மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி அமைதி நோபல் பெற்ற வங்காரி மாத்தாய் பற்றி ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நன்றி. அதில் ஒரு வாக்கியம்: "கணவரால் கைவிடப்பட்ட இந்த எளிய கிராமத்துப் பெண், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மூன்று கோடி மரங்களைத் தன் கையாலேயே நட்டார்." ஒரே வரியில் இத்தனை பிழைகளை அடுக்கவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும்தான்.

முதலில் கணக்கு. இயக்கம் தொடங்கிய 1977 முதல் நோபல் கிடைத்த 2004 வரை 27 வருடம். மூன்று கோடியை வகுத்துப் பாருங்கள். ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது, நாளொன்றுக்கு மூவாயிரத்துக்கு மேல் வருகிறது. கடப்பாறை பிடித்துப் பழகிய ஆளே இரண்டடிக் குழி ஒரு நாளில் இருபது எடுத்தால் பெரிது. நட்டவர்கள் ஆயிரக்கணக்கான கென்யக் கிராமப் பெண்கள். அவர்களை உங்கள் கட்டுரை ஒரு வரியில்கூடச் சேர்க்கவில்லை.

அடுத்தது "எளிய". பிறந்தது நியேரி மாவட்டத்து இஹிதே கிராமத்தில், 1940இல். அதுவரை சரி. 1964இல் அமெரிக்காவின் கன்சாஸில் உயிரியல் பட்டம், 1966இல் பிட்ஸ்பர்கில் முதுகலை, 1971இல் நைரோபியில் முனைவர். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவிலேயே முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண். பிறகு கால்நடை மருத்துவ உடற்கூறியல் துறைக்குத் தலைவர். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு ஆண் பேராசிரியரை "எளிய கிராமத்து ஆண்" என்று எழுத உங்கள் பேனா எழும்பியிருக்குமா?

அந்தக் "கைவிடப்பட்ட"தான் என்னை எழுத உட்கார வைத்தது. 1974 தேர்தலில் நின்று, வாக்காளர்களுக்கு வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்தவர் அவர் கணவர். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் வங்காரி ஒரு சிறு நிறுவனம் தொடங்கி நாற்று வளர்க்கப் போனார். பணமில்லாமல் அது நொடித்தது. விவாகரத்து வழக்கு வந்தது 1979இல். கண்ணீருக்கும் நாற்றங்காலுக்கும் நீங்கள் போட்ட முடிச்சு நடந்த வரிசைக்கே ஒத்துவரவில்லை. 1989இல் அவருடைய இயக்கத்தைக் கென்ய நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எப்படி ஏசினார்கள் தெரியுமா? விவாகரத்தானவர்களின் கும்பல் என்று. அவர்கள் வசையாகச் சொன்னதை நீங்கள் அனுதாபமாக அச்சடித்திருக்கிறீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பெயரையாவது சரியாகப் போட்டிருக்கலாம். தலைப்பிலேயே "மத்தாய்". கோட்டயத்துக்காரர் யாரோ என்று வாசகர்கள் நினைத்திருப்பார்கள். விவாகரத்துக்குப் பிறகு 'மத்தாய்' என்ற தன் பெயரை விட்டுவிடச் சொன்னார் முன்னாள் கணவர். வங்காரி விடவில்லை, ஆங்கில எழுத்தில் நடுவே இன்னொரு 'a'வைக் கூட்டித் தன் பெயராக்கிக்கொண்டார். நம் எழுத்தில் அது ஒரு துணைக்கால். விவாகரத்து வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதியைப் பத்திரிகைப் பேட்டியில் விமர்சித்ததற்காக ஆறு மாதத் தண்டனை விதிக்கப்பட்டு மூன்று நாள் சிறையிலும் இருந்தார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துணைக்காலை உங்கள் பிழைதிருத்துபவர் ஒரே கீறலில் எடுத்துவிட்டார். இது முதல் தடவையும் அல்ல. 2011 செப்டம்பரில் அவர் இறந்தபோது நீங்கள் போட்ட நான்கு வரி அஞ்சலியிலும் இதே "மத்தாய்"தான். அப்போதும் ஒரு அஞ்சலட்டை எழுதினேன், பதில் இல்லை.

"வங்காரி வழியில் மரம் நட" என்ற பெட்டிச் செய்தியை எழுதியவர் நாற்றங்கால் பக்கம் போனதில்லை என்று தெரிகிறது. நர்சரியில் கன்று வாங்கி, உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று நடச் சொல்கிறார். கென்யாவில் பெருமழை மார்ச் முதல் மே வரை, சிறுமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூன் 5 என்பது பெருமழை ஓய்ந்து ஈரம் காயத் தொடங்கும் நேரம். 1977இல் அதே தேதியில்தான் நைரோபியின் கமுகுன்ஜி பூங்காவில் முதல் ஏழு மரங்களை நட்டார்கள். பிழைத்தவை இரண்டு.

அதற்குப் பின் வளர்ந்த முறை வேறு. முதலில் கன்றுகளை வனத்துறையிடம் இலவசமாக வாங்கினார்கள். கேட்ட எண்ணிக்கையைப் பார்த்துத் துறை விலை கேட்டது. எனவே பெண்களே அக்கம்பக்கத்து மரங்களில் விதை பொறுக்கினார்கள். உடைந்த பானை, ஓட்டைக் குவளை, கையில் கிடைத்ததில் விதைத்து, கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் வைத்தார்கள். டிப்ளமா படித்தவர்கள்தான் கன்று வளர்க்க முடியும் என்ற வன அதிகாரிகளுக்கு அதுவே பதில். வரிசைக்குக் குறைந்தது ஆயிரம் கன்று. அதனால்தான் பசுமைப் பட்டை என்ற பெயர். கூலி ஆரம்பத்தில் கன்றுக்கு நான்கு அமெரிக்க சென்ட். முக்கியமான விஷயம், அது நட்ட கன்றுக்கல்ல, பிழைத்த கன்றுக்கு. நடும்போதே காசு என்றால் குழியில் குச்சி நிற்கும். பிழைத்தால் காசு என்றால் ஆட்டுக்கு வேலி கட்டுவார்கள், தண்ணீர் சுமப்பார்கள். உங்கள் பெட்டியில் தண்ணீர், வேலி, பிழைப்பு மூன்றுமே இல்லை. நடுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே நிழலையும் தண்ணீரையும் குறைத்துக் கன்றைப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வெயிலில் துவளும். பையைக் கிழித்தெடுக்காமல் நட்டால் வேர் உள்ளுக்குள்ளேயே சுருண்டு, இரண்டாம் வருடக் காற்றில் மரம் சாயும். இவற்றுக்கு இடமில்லை, தேயிலை விளம்பரத்துக்கு அரைப் பக்கம் இருந்திருக்கிறது. வங்காரியின் ஊரில் அத்தி மரத்தை வெட்டித் தேயிலை போட்ட பிறகுதான் பக்கத்து ஓடை வற்றியது என்று அவர் சொல்லிவந்ததை நினைத்தால், அந்த விளம்பரத்தையாவது வேறு பக்கத்துக்குத் தள்ளியிருப்பீர்கள்.

மனித உரிமை என்ற சொல்லே கட்டுரையில் இல்லை. 1989இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் ஆளுங்கட்சிப் பத்திரிகை நிறுவனம் எழுப்பவிருந்த 60 மாடிக் கட்டடத்தை அவர் நிறுத்தியது குழி வெட்டியல்ல, கடிதம் எழுதி. அதற்குப் பரிசாக இயக்கத்தை அரசுக் கட்டட அலுவலகத்திலிருந்து காலி செய்ய வைத்தார்கள், வீட்டிலிருந்து நடத்தினார். 1992இல் அரசியல் கைதிகளின் தாய்மார்களோடு அதே பூங்காவில் உண்ணாவிரதம் இருந்தபோது போலீஸ் அடித்து நினைவிழக்கச் செய்தது. 1999 ஜனவரியில், நைரோபியின் கருரா காட்டைத் தனியாருக்குத் தாரைவார்ப்பதை எதிர்க்கப் போய் அங்கே மண்டை உடைந்து, போலீஸ் புகார்த் தாளில் தன் ரத்தத்தாலேயே கையெழுத்திட்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டாராம்!

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் இரண்டு வரி: அவர் பெயர் மாத்தாய், மரங்களை நட்டவர்கள் கென்யப் பெண்கள். ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி. இணையப் பதிப்பில் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். கட்டுரையை எழுதியவர் விரும்பினால், பெட்டிச் செய்தியைத் திருத்தி அனுப்பத் தயார், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
நாற்றங்காலில் வேலை பார்க்கும் பழைய சந்தாதாரர்