அந்த சிமெண்ட் தரையில் இனி ஓடச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். சென்ற புதன்கிழமை உடல்திறன் தேர்வில் என் வகுப்புத் தோழி விழுந்தது உங்கள் இருவருக்கும் தெரியும். முட்டிச் சவ்வு (ஏ.சி.எல். என்னும் தசைநார்) கிழிந்திருப்பதாக ஸ்கேன் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: எதிர்க்கோட்டில் இருக்கும் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக ஓடி எடுத்துவந்து வைக்கும் ஷட்டில் ஓட்டத்தை இனி அந்த சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள்.

என் முறைக்காக நான்கடி தள்ளி நின்றிருந்தேன். மதியம் 2 மணி. கட்டட வேலைக்குக் கொட்டிய எம்-சாண்ட் பறந்து வந்து கூடைப்பந்துத் திடலின் சிமெண்ட் தரை முழுக்கப் படிந்திருந்தது. என் தோழி துப்பட்டாவைக் குறுக்கே முடிந்துகொண்டு, ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, தரைச் சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் வைத்தபடி நின்றாள். முதல் கட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவதை எடுத்துத் திரும்பும்போது மணலில் இடது கால் வழுக்கியது; உடம்பு ஒரு பக்கம் போக, முட்டி மறுபக்கம் முறுக்கிக்கொண்டது. விழுந்த பிறகும் கட்டையை அவள் விடவில்லை. நேரம் ஓடுகிறதா என்றுதான் முதலில் கேட்டாள்.

30 அடி தூரம், இரண்டு மரக்கட்டை, மூன்று திருப்பம். வேகத்தை அடக்கித் திரும்பி மறுபடி வேகம் பிடிப்பதை அளக்கும் சோதனை இது. கால் பிடிக்காத தரையில் எதை அளப்பது? இரண்டு முறை ஓடவிட்டு நல்ல நேரத்தைக் குறிப்பதே முறை. எங்களுக்குக் கிடைத்தது ஒரே வாய்ப்பு. உடலைச் சூடேற்ற ஐந்து நிமிடம்கூட இல்லை. சட்டென்று நின்று திரும்புகையில் முட்டிச் சவ்வு கிழிவது பெண்களுக்கே அதிகம் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஐயா.

விளையாட்டுக் கட்டணத்தை ஆண்டுதோறும் கட்டுகிறோம். மூன்று ஆண்டுகளில் மாணவிகள் திடலில் ஆடிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆண்டு முழுக்க உட்காரவைத்துவிட்டு, ஒருநாள் ஓடச் சொல்லி, உடலில் வலுவில்லை என்று எங்களையே குறை சொல்வது என்ன நியாயம்? சொல்ல வந்ததை விட்டுவிட்டேன், மன்னியுங்கள்.

வரும் திங்கள்கிழமை முதலாண்டு மாணவிகளுக்கு இதே தேர்வு என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறது. தயவுசெய்து சிமெண்ட் தரையில் வேண்டாம். விடுதிக்குப் பின்னால் மண் திடல் இருக்கிறது. அங்கே நிற்கும் கார்களை ஒருநாள் வேறிடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். வெயில் ஏறுமுன் வையுங்கள். ஷூ இல்லாதவர்களுக்குத் தேதி தள்ளிக் கொடுங்கள். பதிவேட்டில் என் தோழியின் பெயருக்கு நேரே ‘முடிக்கவில்லை’ என்று எழுதியிருப்பதை அருள்கூர்ந்து அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாமாண்டு மாணவி